சிவப்பு இருக்கிற இடம்

2024 மே 6, திங்கள்

புதுக் கொம்பியூட்டர் வந்துவிட்டது! ஜமால்தீன் நானா கொழும்பிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பெட்டியை ஒருவரிடமும் கொடுக்கவில்லையாம். எட்டு வருஷமாக அவருடைய ஸ்ரூடியோவில் படம் திருத்துகிறேன். பழையதில் ஒரு பில்டரை அமத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்து வந்தாலும் பாதியில்தான் நிற்கும். இதில் விரலை எடுக்க முதல் முடிந்துவிடுகிறது.

பின்னேரம் வேலை குறைவு. படத்தை மாற்றுகிற பிளகின்கள், மென்பொருளோடு சேர்க்கிற சின்னச் சின்னக் கருவிகள், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று படத்தை எண்ணெய் ஓவியமாக்குகிறது. ஒன்று கொளுத்தும் வெயிலில் எடுத்த படத்துக்கு மழை பெய்விக்கிறது. நானாவின் லைசென்ஸ் படத்தை ஓவியமாக்கிக் காட்டினேன்.

"இதக் குடுத்தா பொலிஸ்காரன் என்னப் புடிக்க மாட்டான், சுவரில மாட்டிருவான்" என்றார்.

மூன்று மாதத்துக்கு முன் வேலைக்கு வந்த றிஸ்னா, அல்பப் பக்கம் அடுக்கிறவள், சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள்.

மே 9, வியாழன்

இந்தக் கொப்பியை ஒருவரும் பார்ப்பதில்லை, எழுதலாம். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. பிறப்பிலேயே அப்படித்தான். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். மற்றதெல்லாம் ஒரே மண்ணும் புகையும்.

இருபத்தொரு வயதில் கப்பல் வேலைக்கு மெடிக்கல் போனேன். புள்ளிப் புத்தகத்தை விரித்து, "இதில என்ன இலக்கம்?" என்றார்கள். இலக்கமா? எனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. வீட்டில் வந்து உயரம் காணாதாம் என்று சொன்னேன். பத்து வருஷமாக அதே பொய். எட்டு மாதத்துக்கு முன் சிவாஜினியைக் கட்டினேன். அவளுக்கும் தெரியாது.

நிறம் தெரியாதவன் எப்படிப் படம் திருத்துகிறான்? இலக்கத்தால். படத்தில் எந்தப் புள்ளியை அமத்தினாலும் அதில் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மென்பொருள் காட்டும். முகத்தில் சிவப்பின் இலக்கம் பச்சையைவிட நல்லாக் கூட இருக்க வேண்டும். கூறைச் சேலைக்கு ஓர் இலக்கம், வாழை இலைக்கு ஓர் இலக்கம். எல்லாம் எனக்குப் பாடம். நான் பார்ப்பதில்லை, வாசிக்கிறேன்.

இதை ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்றால் — இன்று ஒரு பிளகின் அகப்பட்டது. நிறங்களை இடம் மாற்றுகிறது! சிவப்பை எடுத்து நீலம் இருக்கிற இடத்தில் வை என்றால் வைக்கிறது. பச்சையை மஞ்சளாக்கு என்றால் ஆக்குகிறது. சும்மா விளையாட்டுக்குச் செய்திருப்பார்கள். எனக்கு அது விளையாட்டில்லை.

மே 11, சனி

ஐயோ, எப்படி எழுதுவேன்.

காலையில் வீட்டு ஜம்பு மரத்தைப் போனில் எடுத்துக்கொண்டு போனேன். வெறும் இலைதான் என்று நினைத்துத்தான் எடுத்தனான், பச்சை எப்படி மாறுகிறது என்று பார்க்க. கொம்பியூட்டரில் போட்டேன். சிவப்பெல்லாம் நீலம், பச்சையெல்லாம் மஞ்சள். அமத்தினேன்.

மரம் முழுக்கச் சிவந்த காய்! இலைக்கு நடுவில் நீலம் நீலமாகக் கொத்துக் கொத்தாக. உச்சியில், கீழே, கைக்கெட்டுகிற கிளையில்! எண்ணினேன், நூற்றிப் பத்தோடு விட்டுவிட்டேன்.

உடனே சிவாஜினிக்குப் போன். "எங்கட ஜம்புவில எவ்வளவு காய் எண்டு தெரியுமா?"

"பத்து நாளா உப்பும் தூளும் போட்டுத் தின்னுறன். நீங்கள் இண்டைக்குத்தான் கண்டனீங்களோ?"

"வேலைப் பிராக்கு" என்றேன்.

பிறகு, "சரி, வரேக்க மிளகாய்த்தூள் வாங்கி வாங்கோ" என்றாள்.

மே 14, செவ்வாய்

எல்லாவற்றையும் ஒரே அமத்தலில் செய்கிறமாதிரி எனக்கென்று ஒரு பொத்தான் செய்துவிட்டேன். பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. "காட்டு" என்று வைத்தேன்.

போன வருஷம் உட்துறைமுகத்தில் படகில் போன ஒரு சோடியின் படம் கிடந்தது. பின்னால் கடலில் இரண்டு மிதவைகள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, கப்பல் அதைப் பார்த்துத்தான் உள்ளே வரும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தது. எனக்கு இரண்டும் கறள் பிடித்த இரண்டு பீப்பாய்கள். "காட்டு"வை அமத்தினேன். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். சின்னப் பிள்ளைக்கும் பிரியும்!

இதுதானா? இவ்வளவுதானா, அண்டைக்கு மெடிக்கலில் அவர்கள் கேட்டது?

கவலை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எழும்பி நின்று கை தட்டினேன். றிஸ்னா, "என்ன அண்ணா?" என்று எட்டிப் பார்த்தாள். நுளம்பு அடித்தேன் என்றேன்.

மே 20

சந்தை, கோயில் கொடி, முச்சக்கரவண்டி, சிக்னல் லைற், செவ்வரத்தை. கண்டதையெல்லாம் எடுக்கிறேன். கண்டதையெல்லாம் அமத்துகிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

கிண்ணியாவில் ஒரு கலியாணம். பொம்பிளை அம்ரா. இருநூற்றி எண்பது படம், அரைவாசி கடற்கரையில். இப்போது எனக்கு வாற துணிச்சல்! பழைய பிலிம் மாதிரி ஆக்குகிற ஒரு பிளகினைப் போட்டேன். கடல் அப்படியே ஆழமாக, கண்ணாடி மாதிரி இறங்கியது. மணலில் ஒரு பொன் தூசு. இப்படி ஒரு கடலை எங்கள் ஸ்ரூடியோ இதுவரை கொடுத்ததில்லை.

எல்லாப் படத்துக்கும் ஒரேயடியாகப் போட்டு றிஸ்னாவிடம் கொடுத்தேன். அவள் அப்படியே அவர்களுக்கு லிங்க் அனுப்பினாள்.

ஜூன் 5, புதன்

இலக்கம் பார்க்கவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தரம் நான் இலக்கம் பார்க்கவில்லை.

கடை திறந்த கையோடு பொம்பிளையின் அக்கா நஜ்முன் நிஸா ராத்தா வந்துவிட்டார். கிண்ணியாவிலிருந்து ஓட்டோ பிடித்து வந்திருக்கிறார். போனை நானாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மாப்பிள்ளைட மொகத்தப் பாருங்க. பாசி புடிச்சமாதிரி இரிக்கி. பொம்பிளையும் பச்சை. வாப்பா, உம்மா, வந்த சனம் எல்லாம் பச்சை!"

நானா பார்த்தார். என்னைப் பார்த்தார். "தம்பி, இது தெரியல்லியா ஒங்களுக்கு?"

நான் சொன்னேன் — இதை எழுத வெட்கமாக இருக்கிறது — "பிளகின் பிழை நானா. அனுப்பேக்க மாறிப்போச்சு போல."

அனுப்பேக்க. அப்படித்தான் சொன்னனான். அனுப்பினது றிஸ்னா.

நானா அவளைக் கூப்பிட்டு ஏசினார். "அனுப்ப முன்ன ஒரு படத்தையாவது துறந்து பாக்க ஏலாதா?" அவள் கண் நிரம்பிக்கொண்டு நின்றாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நானா, "இந்தப் பிளகின் கிளகின் எல்லாத்தயும் நாளைக்கே கழட்டுங்க. பழையபடி செய்வம்" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய்விட்டார்.

கழட்டினால் "காட்டு"வும் போய்விடும். அதுவா எனக்கு முதல் நினைவு வரவேண்டியது? அந்தப் பிள்ளை அழுகிறாள், எனக்கு என்ர பொத்தான்!

ஜூன் 6, வியாழன்

சொல்லிவிட்டேன்.

றிஸ்னாவையும் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். "நானா, பிழை பிளகினில இல்லை, றிஸ்னாவிலயும் இல்லை. எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. பிறப்பிலயே தெரியாது."

பகிடி என்று நினைத்தார். மேசையில் கிடந்த இரண்டு அல்ப மட்டையைத் தூக்கி, "இது என்ன? இது என்ன?" என்றார். இரண்டும் ஒன்று என்றேன். மட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எட்டு வருஷம். ஒரு சொல்லுச் சொல்லல்லியே தம்பி."

"சொன்னா வேலை தந்திருப்பீங்களா நானா?"

"ரெண்டு நாளைக்கு வீட்ட இரிங்க" என்றார். வெளிக்கிடும்போது றிஸ்னா கதவடிக்கு வந்து, "நேத்தே சொல்லியிருக்கலாம் அண்ணா" என்றாள். ஓம். நேற்றே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 7, வெள்ளி

வேலைக்குப் போகாததற்குக் காரணம் சொல்ல வேண்டுமே. சிவாஜினிக்கும் எல்லாம் சொன்னேன், பொத்தானையும் சேர்த்து. குசினியில் நின்றவள் அகப்பையோடு திரும்பினாள்.

"கலியாணத்துக்கு முதல் ஏன் சொல்லேல்லை?"

"நீர் வேண்டாம் எண்டிருவீர் எண்ட பயம்."

"நான் வேண்டாம் எண்டிறதும் ஓம் எண்டிறதும் என்ர பாடு. அதை நீங்கள் ஏன் முடிவெடுத்தனீங்கள்?" சரியான கோபம். மத்தியானம் சாப்பாட்டைப் போட்டுத் தந்துவிட்டு முன்னால் கதிரையை இழுத்து இருந்தாள்.

"என்ர கூறைச் சேலை உங்களுக்கு என்ன நிறம்?"

பொய் சொல்ல ஏலாது இனி. "மண்" என்றேன். "நனைஞ்ச மண்."

"அவ்வளவு காசு குடுத்து அம்மா எடுத்தவ, மண்ணா?" என்று கேட்டவள் அப்படியே சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பிறகு, "அந்த உங்கட பொத்தான் இருக்கெல்லோ, அதில எங்கட கலியாணப் படத்தைப் போட்டுப் பாத்தனீங்களோ?" என்றாள்.

இல்லை. கண்டதையெல்லாம் போட்டேன், அதைப் போடவில்லை!

ஜூன் 8, சனி

காலை ஒன்பது மணிக்கு நானா போன்.

"அந்தக் கிண்ணியா ராத்தா திரும்ப வந்திரிக்காங்க தம்பி. றிஸ்னா ஒண்ணும் போடாம வெறும் படத்தக் காட்டினா, அது வேணாமாம். 'அந்தக் கடலத் தாங்க, மொகத்த மட்டும் மனிசர்ர மொகமா ஆக்கித் தாங்க' எண்டு இரிக்காங்க. இவளுக்கு அந்தக் கடல் வருகுதில்ல. எனக்கும் வருகுதில்ல."

பிறகு, "நேத்து முழுக்க ஒங்கட பழைய அல்பங்களத் துறந்து பாத்தன். ஒரு பிழை புடிக்க ஏலாமப் போச்சு" என்றார். "வாங்க. பிளகின் ஒண்டும் கழட்டல்ல."

சேட்டுப் பொத்தான்கூடப் பூட்டாமல் ஓடினேன். சிவாஜினி பின்னால் வந்து பொத்தானைப் பூட்டிவிட்டாள்.

ஜூன் 10, திங்கள்

இரண்டு நாளாக றிஸ்னா என் பக்கத்தில் கதிரை போட்டிருக்கிறாள். நான் முகங்களைப் பிரித்தெடுத்து, பில்டர் படாமல் மறைக்கிறேன். இலக்கம் வாசிக்கிறேன். அவள் நிறம் சொல்கிறாள்.

"வாப்பாட கன்னம் இன்னும் கொஞ்சம் பச்சை அண்ணா. குறைங்க. இன்னும். நில்லுங்க! போதும்."

"இப்ப?"

"இப்ப மனிசன்!"

இலக்கத்தால் எட்டு வருஷம் செய்தது சரியாகத்தான் இருந்தது, ஆனால் அச்சமாக இருந்தது. ஒவ்வொரு படத்தையும் ஒளித்துக்கொண்டு செய்தேன். பக்கத்தில் ஒருவர் இருந்து "போதும்" என்று சொல்கிறது எவ்வளவு சுகம்! வேகமும் இரண்டு மடங்கு. நான் பயந்து தொடாத பில்டர்களை எல்லாம் இப்போது தொடுகிறோம். ஒரு படத்தில் அலை நுரையை அம்ராவின் முந்தானையோடு கலக்கவிட்டேன். றிஸ்னா "அல்லாஹ்" என்று கதிரையில் சாய்ந்துவிட்டாள்.

மத்தியானம் அவளிடம், "அண்டைக்கு என்ர பிழையை உம்மில போட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன்.

"மன்னிச்சிட்டன். ஆனா மறக்கல்ல" என்றாள், திரையை விட்டுக் கண் எடுக்காமல்.

சரிதான்.

ஜூன் 12, புதன்

நஜ்முன் நிஸா வந்து முழுவதையும் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் நின்று, "இந்தக் கடலப் பெரிசா அடிச்சு எங்கட வீட்டுக்கு ஒண்டு" என்றார். நானா, "எங்கட சுவருக்கும் ஒண்டு" என்றார்.

பின்னேரம் சிவாஜினியை ஸ்ரூடியோவுக்கு வரச் சொன்னேன். எங்கள் கலியாணப் படத்தைத் திறந்தேன். வாழையும் மாவிலைத் தோரணமும் சனமுமாக எனக்கு எப்போதும் ஒரே மண்ணிறக் கும்பல். அதற்குள் இவளைத் தேடித்தான் பிடிப்பேன். பொத்தானை அவளையே அமத்தச் சொன்னேன்.

கும்பலெல்லாம் மஞ்சளாகப் பின்னுக்குப் போக, நடுவில் ஒரே ஓர் ஆள், நீலம் பற்றி எரிகிறமாதிரி.

"இதைத்தான் எல்லாரும் அண்டைக்குப் பாத்தவையோ?" என்று கேட்டேன்.

அவள் ஓம் என்று தலையாட்டினாள். நானா தேத்தண்ணி சொல்லி அனுப்பினார்.

ஜூன் 25

ஓடர் கூடிவிட்டது. புல்மோட்டையிலிருந்துகூட ஒருவர் கேட்டிருக்கிறார். இன்று மூன்று புதுப் பிளகின்! ஒன்று படத்துக்குள் மின்மினி பறக்கவிடுகிறது. நானாவின் லைசென்ஸ் படத்தைத் தேடுகிறேன், ஒளித்துவிட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

கப்பல்துறைக் கிராமத்திலிருந்து குணரத்தினம் என்று ஒருவர் வந்தார். மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு அல்பம். பிள்ளையின் பாவாடைத் துணியில் ஒரு துண்டு கொண்டுவந்து, மட்டை இதே நிறத்தில் வேண்டும் என்றார். கடை நிறையச் சனம்.

துணியை உயர்த்திப் பிடித்தேன். "றிஸ்னா, இது சிவப்போ பச்சையோ?"

அந்த மனிதர் என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பிக்கு நிறம் தெரியாதோ?"

"ஓம் ஐயா, தெரியாது."

"அப்ப, இந்தப் படமெல்லாம் ஆர் செய்யிறது?"

"நான்தான்."

சுவரில் இருந்த கடல் படத்தை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"சிவப்பு அண்ணா, கொஞ்சம் கடும் சிவப்பு" என்றாள் உள்ளேயிருந்து றிஸ்னா.

ஓடர் சிட்டையில் "கடும் சிவப்பு" என்று எழுதி, மகளின் பெயரைக் கேட்டேன்.