மூலை வீட்டுக் கிழவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தம்பியும் இங்கே சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். அக்காவிடம் மூச்சு விடாதே என்று தம்பி சொல்லியிருக்கிறான். என்னால் முடியவில்லை.

போன மாதம் உங்கள் பத்திரிகையில் இரண்டு வீடியோ கேம்களை ஒப்பிட்டு எழுதினாயே, கத்தியும் கையுமாக ஊர் ஊராய்ச் சுற்றிச் சண்டை போட்டு லெவல் ஏற்றிக்கொண்டே போகிற வகை, அதில் பத்துக்கு ஐந்து வாங்கியது உன் தம்பி நான்கு வருஷம் உட்கார்ந்து செய்தது. சொந்தக்காரர் செய்ததைப் பற்றி எழுதக் கூடாது என்பது உங்கள் பத்திரிகையில் கட்டாயமாமே, சொன்னால் நீ ஒதுங்கிக்கொள்வாய் என்று கேம் செய்தவர்கள் பட்டியலில் தன் பெயரைக்கூடப் போடாமல் வாயை மூடிக்கொண்டிருந்தான் அந்த அழுத்தக்காரன். நீ எழுதியதைச் சாப்பிடும்போது எனக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினான். பட்டனை அழுத்தி அரை நொடி கழித்துத்தான் வீரன் கத்தி வீசுகிறான், அந்த இன்னொரு கேமில் எதிரி அடிக்கும் முன் தோளை அசைத்துக் காட்டுவான், இதில் சொல்லாமல் கொள்ளாமல் அடிக்கிறான், ஒரே வாளுக்கு ஐந்து கலர் பூசி ஐந்து வாள் என்கிறார்கள், எல்லாம் நியாயம்மா என்றான். அடுத்த வரியில்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். வடக்கு மூலையில் ஒரு வீடு, உள்ளே ஒரு கிழவர், ஆயுதமும் தருவதில்லை, வேலையும் தருவதில்லை, இடத்தை அடைக்கச் செருகியது என்று எழுதியிருந்தாய்.

அவன் ஆபீஸ் போனதும் நானே அந்தக் கேமை எடுத்து உட்கார்ந்தேன். முதல் தெருநாயே என்னைப் பதினோரு தடவை கொன்றது. சண்டை நமக்குச் சரிவராது என்று சுவரோரமாக நடந்து நடந்து மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கிழவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். பக்கத்தில் போய் நின்றால் பேசுகிறார், எழுத்தாக வருவதில்லை, குரல் மட்டும். உன் அப்பா குரல். மூச்சை நல்லா இழும்மா, அப்படியே பிடி, இப்ப விடு. எக்ஸ்ரே அறையில் முப்பது வருஷம் சொன்னது, பரீட்சைக்குப் பயந்து நீ வாசலில் நின்ற காலைகளில் உனக்கும் சொன்னது. தாடி வைத்த வீரனைப் பார்த்து இழும்மா என்கிறார் என்று விளையாடுகிறவர்கள் சிரிக்கிறார்களாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி வாரத்தில் உனக்காகத்தான் தம்பியின் போனில் பேசினார். அதை வெறுமனே அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை, அதற்கென்று ஒரு வீடு கட்டி நீ வருவாய் என்று காத்திருந்தான்.

நாற்பது மணி நேர விளையாட்டை நான்கு நாளில் முடித்து எழுத வேண்டும், சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேச்சையெல்லாம் பட்டன் அழுத்தித் தாண்டிவிடுவோம் என்று நீயே ஒருமுறை சொன்னாய். அதுதான் நடந்திருக்கும். அப்பா குரலை ஒருதரம் கேட்டிருந்தால் போதும், வந்து சேர முடியவில்லையே என்று இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறாய். வந்துதான் இருந்தாய், கண்ணு. பக்கத்தில் நின்றுவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு அதுதான் ஆறவில்லை. உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை, ஒட்டிக்கொண்டிருந்த கடைசிப் பக்கத்தைப் பிரிக்காமலே விடைத்தாள் திருத்திய டீச்சர்தான் நானும்.

மார்க்கை மாற்றாதே, தம்பிக்கு அது பிடிக்காது. அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசு, அது போதும். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நிறைந்து வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

மறக்காமல் ஒரு நாள், வேலையாக இல்லாமல், அந்த வீட்டுக்குப் போ. சத்தத்தைக் கூட்டி வை, பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடு. மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிடி. விடச் சொல்லக் கொஞ்சம் நேரமாகும், அவருக்கு மூச்சு வாங்கும். காத்திரு.

உன் அம்மா