வாசலோடு திரும்பிப் போன பிள்ளை

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டுக்காரருக்கு முதுகுவலி தேவலை என்று படித்ததில் கொஞ்சம் நிம்மதி. நீயும் என்னைப்போல வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தாய். என்னென்ன சுத்தம் பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தாய்.

முதலில் கை. கழுவிக் கழுவி என் விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. உன் அத்தான் அதை உப்புத்தாள் என்று கேலி செய்கிறார். நல்ல கை அப்படித்தான் இருக்கும். டயப்பர் மாற்றுகிற பாயைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதே. ஒரு பிள்ளையின் துண்டால் இன்னொரு பிள்ளைக்கு மூக்குத் துடைக்காதே, எவ்வளவு அவசரமானாலும். பொம்மை என்று இருந்தால் அது ஒரு வாய்க்குள் போய் வந்ததாகத்தான் இருக்கும்; தினமும் கழுவிக் காயவை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள பிள்ளையை உள்ளே சேர்க்காதே.

இதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் கை வரவில்லை.

இங்கே ஒருத்தனுக்கு ‘அதிகாரி’ என்று பேர் வைத்திருந்தோம். ஒன்றரை வயசு. தொப்பையைத் தள்ளிக்கொண்டு வந்து மற்ற பிள்ளைகளைப் பார்த்து “உக்காலு” என்று உத்தரவு போடுவான். அதுகளும் உட்காரும்! அவன் அம்மாவுக்குத் தையல் ஆலையில் வேலை. போன மாதம் ஒருநாள் காலையில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ராத்திரியிலிருந்து வாந்தியும் பேதியும் என்றாள். அவன் என்னைப் பார்த்து ஒரு உத்தரவும் போடவில்லை.

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பாத்துக்கங்கக்கா. திரும்பவும் லீவு கேட்டா வேலைக்கே வராதேன்னுடுவாங்க” என்றாள். உள்ளே குறைமாதத்தில் பிறந்த கைக்குழந்தை ஒன்று இருந்தது. சேர்த்துக்கொள்ள முடியாது, சரியானதும் கூட்டிவா என்று சொன்னேன். அதற்குள் கைக்குழந்தை வீறிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவள் பிள்ளையை வீட்டில் படுக்கவைத்துவிட்டு வேலைக்கு ஓடியிருக்கிறாள். அவள் புருஷன் இரவுக் காவல் வேலை முடித்து வந்து, அசதியில் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். பிள்ளை அழவில்லை. தூங்குகிறான் என்று நினைத்துவிட்டார். உடம்பில் தண்ணீர் வற்றிப்போனால் பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பிருக்காது, அது அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அவள் வந்து தொட்டபோது கைகால் சில்லிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். “நீங்க செஞ்சதுதான் சரி. உள்ள விட்டிருந்தா அந்தக் கைக்குழந்தைக்கும் ஒட்டியிருக்கும்” என்றார். உன் அத்தானும் அதையேதான் சொல்கிறார். தெருவே சொல்கிறது. நீயாவது அதை எழுதாதே.

போன வாரம் அவளே வந்தாள், பிள்ளையின் மாற்றுத்துணியை வாங்கிப்போக. வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் ஒவ்வொரு சட்டையாக நீவி மடித்துப் பையில் வைத்தாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, “மத்த புள்ளைங்க யாருக்கும் ஒண்ணும் வரலயேக்கா?” என்று கேட்டாள். வரலைம்மா என்றேன். “நல்லவேள” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவள் திட்டியிருக்கலாம்.

நீ தாராளமாக ஆரம்பி. உனக்குப் பொறுமை உண்டு, பிள்ளைகள் உன்னிடம் ஒட்டிக்கொள்ளும். நோய் கண்ட பிள்ளையை நீயும் சேர்க்கக்கூடாது, அதில் மாற்றமில்லை. ஆனால் அக்கா உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அப்படி ஒருத்தி வந்து நின்றால், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை அவள் கையில் கொடு. எப்படிக் கரைத்துப் புகட்டவேண்டும் என்று சொல்லு. “இப்ப எங்கம்மா தூக்கிட்டுப் போற, யாரு பாத்துக்குவா?” என்று ஒரு வார்த்தை கேள். அவள் பதில் சொல்லி முடிக்கிறவரைக்கும் வாசலிலேயே நில்லு.

உன்னிடம் வருகிற பிள்ளைகளெல்லாம் நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

உன் அக்கா