எனக்குச் சர்க்கரை இல்லையாம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா ரொம்ப நலம். எனக்குத்தான் வயிற்றெரிச்சல், அதற்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை வருகிற மாதிரி இருக்கிறது, இப்போதே பார்த்துக்கொண்டால் தடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். முன்பெல்லாம் நோய் வந்து படுத்தால்தான் அரசாங்கக் காப்பீட்டில் பணம் கிடைக்கும், இப்போது வராமல் தடுக்கிற வகுப்புக்கும் அவர்களே கட்டுகிறார்கள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாரா வாரம் ஆஸ்பத்திரி மாடியில் அந்த வகுப்பில் உன் அம்மாவும் மற்றவர்களும் வட்டமாக உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பு, கீழே சைக்கிளோடு காத்திருக்கிற என் காதுவரை வருகிறது. வகுப்பு எடுக்கிற பெண்ணுக்கு உன் வயதுகூட இருக்காது, அவள் வாயைத் திறந்தால் உன் அம்மாவுக்கு வேதவாக்கு. சாப்பிட்டதும் படுக்காதே, கொஞ்சம் நட என்று கல்யாணமான நாளிலிருந்து நான் கத்தாத கத்தலா? காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இப்போது மேடம் சொன்னாங்க என்று சர்க்கரை டப்பாவையே அலமாரி உச்சிக்கு ஏற்றிவிட்டாள். அவள் சட்டையை இரண்டாவது தடவையாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். இளைத்ததற்குப் பாராட்டெல்லாம் மேடத்துக்கு, எனக்குத் தையல் கோணல் என்று பேச்சு.

சரி, நானும் சேர்ந்துவிடலாம் என்று கடையைப் பூட்டிவிட்டு சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுக்கப் போனேன். நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கொஞ்சமாவது இருக்காதா? முந்தின நாள் ஒரு தைரியத்துக்கு டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடித்தேன், அம்மாவிடம் சொல்லிவிடாதே. கவுண்டரில் இருந்தவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பெரியவரே உங்களுக்கு ஒண்ணுமே இல்ல, நல்லா இருக்கறவங்களுக்குக் காப்பீட்டுல இடம் கிடையாது, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க என்றார். பரீட்சையில் தோற்றவன் மாதிரி வந்து சேர்ந்தேன். அதுகூடப் பரவாயில்லை. தினமும் கூட நடக்க ஒரு துணையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மேடம் சொன்னாளாம். உன் அம்மா யாரைச் சொன்னாள் தெரியுமா? உன்னை. கடல் கடந்து இருக்கிற உன்னை! ஆறு மணி ஆனால் போனைக் காதில் வைத்து உன்னோடு பேசிக்கொண்டே தெருமுனையைத் தாண்டிவிடுகிறாள். நான் கடை வாசலில் கத்தரிக்கோலும் கையுமாக நிற்கிறேன். பெற்ற மகள்மேலேயே பொறாமைப்பட வைத்துவிட்டாள். என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு அலுத்துப்போச்சு, உங்களுக்குத்தான் எப்பவும் அவசரத் துணி ஒண்ணு இருக்குமே என்றாள்.

அங்கே குளிர் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. குழந்தைக்கு என் முத்தம். ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே கண்ணு. ஒரே ஒரு நாள் அம்மா கூப்பிடும்போது போனை எடுக்காதே. என்றைக்கு என்று எனக்குச் சொல்ல வேண்டாம், நான் தினமும் ஆறு மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

அன்புடன்,
சர்க்கரை இல்லாத உன் அப்பா