சன்னலை மூடாத நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

கீழ்த்தளத்துச் செருப்புப் பட்டறையின் பசை நெடி நம் வீட்டுக்குள் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். சன்னல்களை மூடி, கருவியை ஒரு நாள் விட்டுவைக்கச் சொன்னார். அவர் தலை மறைந்ததும் அம்மா எல்லாவற்றையும் திறந்துவிட்டாள்.

“திரும்பி வர்றவரு மூக்கைப் பொத்திக்கிட்டா மானம் போயிடும்டி.”

“அந்த நாத்தத்தைத்தாம்மா அளக்க வந்திருக்காரு.”

“பெரிய விஞ்ஞானி. போய்ப் படி.”

மறுநாள் வந்து கருவியைப் பார்த்தவர், காற்றில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டறைக்காரர் அந்தத் தாளைத் தன் பட்டறைக் கதவிலேயே ஒட்டிவிட்டார். பாப்பா, “அக்கா, நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துது” என்கிறாள்.

வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர் கேட்டால்தான் மறுபடி அளப்பார்களாம். நீங்கள் ஏன் போனீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். அம்மாவோடு பேசவும் வேண்டாம். ஒரு கையெழுத்து மட்டும் அனுப்புங்கள், அப்பா. இந்த முறை சன்னல் கொண்டியை நானே பிடித்துக்கொண்டு நிற்பேன்.

உங்கள் மூத்த மகள்