குறைவாக ஓடிய வண்டி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவையும் அப்படியே எழுதிவைக்கிறேன், மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு பண்ணிக்கொள். போனில் சொல்லாமல் இந்த மனுஷன் ஏன் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், அதுவும் போக இதையெல்லாம் வாயால் சொல்ல ஆரம்பித்தால் நான் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஏதோ மும்முரமாக வேலை பார்க்கிறேன் என்று நினைத்து முதலாளி டீ வேறு அனுப்பியிருக்கிறார்.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு சின்ன வண்டி பார்த்திருக்கிறாய், எட்டு வருஷ வண்டி, ரொம்பக் கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது, வயதான ஒரு அம்மாள் வைத்திருந்தது, புதுசு மாதிரி இருக்கிறது, எடுக்கலாமா அப்பா என்று கேட்டாய். வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாரும் செய்கிற காரியத்தை நீயும் செய்யாதே, கதவைத் திறந்ததும் மீட்டரைப் பார்த்து வாயைப் பிளந்துவிடுகிறார்கள். பழைய வண்டி வாங்கி விற்கிற இந்தக் கடையில் வண்டிகளைச் சோதித்துச் சோதித்தே என் தலை நரைத்தது, என் பேச்சைக் கேள். ஓடாத வண்டி நல்ல வண்டி என்று எவன் சொன்னான்? மனுஷன் படுத்தே கிடந்தால் கை கால் விளங்காமல் போகிறதில்லையா, அந்தக் கதைதான். டயர் தேயாமல் அழகாக இருக்கும், ஆனால் ரப்பர் வயதாகி இறுகியிருக்கும், பக்கவாட்டில் பொடிப்பொடியாக வெடிப்பு தெரியும். பிரேக் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், பேட்டரி செத்திருக்கும், பெட்ரோல் போகிற ஹோஸ் வறண்டு விரிசல் விட்டிருக்கும், எலி வயரைக் கடித்துக் குடித்தனமே நடத்தியிருக்கும். ஆயில் ஓடினால்தான் கெடும் என்றில்லை, சும்மா இருந்தாலும் வருஷக் கணக்கில் கெட்டுப்போகும். போதாததற்கு மீட்டரைத் திருப்பிவைக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அதனால் பிரேக் பெடல் ரப்பரைப் பார், ஸ்டீயரிங்கைப் பார், டிரைவர் சீட் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார், மூன்றும் மீட்டர் சொல்வதோடு ஒத்துப்போகாவிட்டால் நடையைக் கட்டு. இன்னொன்று சொன்னாயே, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் வைத்திருக்கிற வண்டி, நிறைய ஓடிவிட்டது என்று மூக்கைச் சுளித்தாயே, சர்வீஸ் பண்ணியது எல்லாம் ஒழுங்காக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுப்பேன். இல்லை, அந்த அம்மாளுடையதுதான் வேண்டும் என்று நீ ஒற்றைக் காலில் நின்றால், உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா, நம் வீட்டுச் சரக்குதானே, டயர் பேட்டரி ஹோஸ் எல்லாம் மாற்றுகிற செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு எடு.

இனி நம் வீட்டு வண்டி. அதுவும் குறைவாக ஓடிய வண்டிதான். உன் தம்பிக்குக் கிட்னி கெட்டுப்போய் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தபோது வாங்கினோம். எனக்குக் கடையை விட்டு வர முடியவில்லை, அதனால் உன் அம்மா அந்த வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் மாதம் கேட்டில் இடித்ததும், திரும்பத் தெரியாமல் ரவுண்டானாவையே சுற்றிச் சுற்றி வந்ததும், பின்சீட்டில் படுத்திருந்த தம்பி, அம்மா நாம ஆஸ்பத்திரிக்குப் போறோமா ஊர்வலம் போறோமா என்று கேட்டதும் உனக்கே தெரியும். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு, அந்த மீட்டரில் இருக்கிற கிலோமீட்டர் முழுக்க அவ்வளவுதான். அவன் போனபிறகு வண்டி பக்கவாட்டு ஷெட்டில் நின்றுவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவையாவது கால் மணி நேரம் ஸ்டார்ட் பண்ணி வை, இல்லாவிட்டால் பேட்டரி போய்விடும் என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்தேன். சரி என்றாள். நாளாக நாளாக நிற்கிற வண்டியில், நான் வாங்கிவந்து ஊற்ற ஊற்ற, பெட்ரோல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எங்கேயோ ஒழுகுகிறது என்று நான் அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல், நல்லா இருந்த ஹோஸையே மாற்றினேன். உன்னிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன். மகா கெட்டிக்காரன் உன் அப்பன்.

போன மாதம் நீ போனில், அந்த வண்டி கண்ணுல படுற வரைக்கும் அம்மா தேறவே மாட்டாங்கப்பா, வித்துடுங்க என்று சொன்னாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உன் அம்மாவைக் கேட்டேன், உங்க இஷ்டம்ங்க என்று சொல்லிவிட்டுத் துணி மடித்துக்கொண்டே இருந்தாள். வாங்குவதற்கு ஆளும் அமைந்தது, புதுசாகக் கல்யாணம் ஆன வாத்தியார், அவரும் மீட்டரைக் கேட்டதும் வாயைப் பிளந்தார். திங்கட்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைக் கடைக்கு ஓட்டி வந்தேன். நம் வீட்டு வண்டி என்பதற்காகச் சோதிக்காமல் கொடுத்தால் நாளைக்கு என் பெயர்தானே கெடும் என்று பானட்டைத் திறந்தேன். ஆயில் தார் மாதிரி கறுத்துக் கெட்டியாக இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி அப்பிக்கிடக்கிறது. டயர் தேயவில்லை, பெடல் ரப்பர் தேயவில்லை, டிரைவர் சீட் மட்டும் பள்ளமாக அமுங்கியிருந்தது. இப்படி ஒரு வண்டி வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பேன், இது நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக இன்ஜின் ஓடின வண்டி, உள்ளே யாரோ உட்கார்ந்தே இருந்திருக்கிறார்கள் என்று. நம் வண்டி என்பதால் எனக்கு மண்டையில் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் கையில் இருந்த பிளக்கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். அவர், தினம் மூணு மணிக்கு வண்டி சத்தம் கேக்கும்ண்ணே, நீங்க வர்றதுக்கு முன்னாடி நின்னுடும், பேட்டரிக்குன்னு அக்கா சொல்லுவாங்க என்றார். உள்ளே போய் உன் அம்மாவைக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். ஆயிலைப் பற்றி, சீட்டைப் பற்றிச் சொன்னதும், வண்டியைப் பாக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு வாக்கப்பட்டது தப்பாப் போச்சு என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணிக்கொண்டது. வீட்ல அழுதா அக்கம்பக்கம் ஓடி வருது, உங்ககிட்ட அழலாம்னா நீங்க நெஞ்சுவலி வந்த மனுஷன், கண்ணாடியை ஏத்திவிட்டு ஏசியைப் போட்டா சத்தம் வெளிய போகாது, அதுலயும் அவன் பின்னாடி படுத்திருக்கான்னே இருக்கும், அவன்கிட்ட ஏதாவது பேசிக்கிட்டிருப்பேன் என்றாள். முட்டாள்தனமாக, நிற்கிற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு உட்காரக் கூடாது, புகை உள்ளே வந்தால் ஆளையே கொன்றுவிடும் என்று அவளைத் திட்டினேன் குட்டிம்மா. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான். அப்புறம்தான் நம் ஷெட் மூன்று பக்கமும் திறந்தது என்று எனக்கே ஞாபகம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள், மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுக்கொண்டே.

மறுநாள் காலையிலேயே வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டு, ஆயில் மாற்றி, வண்டியைத் திரும்ப ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். இன்ஜினைப் போடாதே, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சும்மா உட்கார், நான் சாயங்காலம் வரைக்கும் இந்தப் பக்கமே தலைகாட்டமாட்டேன் என்று சாவியை அவள் கையில் கொடுத்தேன். வாங்கி ஆணியில் மாட்டினாள். அன்றைக்கு மாட்டியதுதான், வாரம் ஒன்று ஆகப்போகிறது, அவள் வண்டிப் பக்கமே போகவில்லை. சமைக்கிறாள், துடைக்கிறாள், மூன்று மணிக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம், தையல்காரம்மா சொன்னார். சாப்பாடு பாதியாகிவிட்டது. நேற்று தாங்காமல் மதியமே வீட்டுக்கு ஓடினேன். போய் உட்காரேன், ஏன் உட்காரமாட்டேங்கிற என்று கெஞ்சினேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா, நீங்க கடையில இருந்துக்கிட்டு இப்ப இவ அழுதுக்கிட்டிருப்பாளேன்னு நெனச்சுக்கிட்டே இருப்பீங்கன்னு தெரிஞ்ச பிறகு எப்படிங்க அழறது என்றாள். அவளுக்கென்று இருந்தது அந்த ஒரே இடம், அதையும் நான் கண்டுபிடித்துக் கெடுத்துவிட்டேன். வித்துடுங்க என்று சொன்னோமே என்று நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, உனக்கு எப்படித் தெரியும், கூடவே இருக்கிற எனக்கே தெரியவில்லையே.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். போனில் பேத்தியின் பல்லைப் பேசுகிறோம், மழையைப் பேசுகிறோம், நான் சாப்பிட்டதைக் கூடப் பேசுகிறோம், தம்பி பேச்சை மட்டும் மூன்று பேரும் எடுப்பதில்லை. அவளுக்காக நீ எடுப்பதில்லை, உனக்காக அவள் எடுப்பதில்லை, இரண்டு பேருக்காகவும் நான். இனிமேல் நீ எடு. நான் இல்லாத நேரத்தில், இங்கே மூன்று மணிக்கு, அவளுக்குத் தனியாகப் போன் பண்ணு. அந்த நாட்டில் உனக்கு அப்போது விடிந்தும் விடியாத நேரமாக இருக்கும், அலாரம் வைத்து எழுந்துகொள், குட்டிம்மா. சாப்பிட்டீங்களா என்று ஆரம்பிக்காதே, அவள் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு உன்னைக் கேட்க ஆரம்பித்துவிடுவாள். தம்பியின் பெயரைச் சொல்லி ஆரம்பி. டிவி ரிமோட்டை ஒளித்துவைத்துவிட்டு உன்னோடேயே சேர்ந்து தேடுவானே, அந்த மாதிரி எதையாவது சொல். அவள் முதலில் அழமாட்டாள், நீ தூரத்தில் தனியாக அழுவாயே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். அதனால் நீ முதலில் அழுதுவிடு. நீ அழுதால் அவளால் தாங்க முடியாது, உனக்குத் துணைக்காகவாவது அழுவாள். எவ்வளவு நேரம் ஆனாலும் போனை வைக்காதே.

பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு எந்த ஆசையும் கிடையாது. இப்படி ஒரு கடிதம் வந்ததை அம்மாவிடம் மூச்சுவிடாதே. கடிதம் கிடைத்த மறுநாளே போன் பண்ணு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா