ராஜா திருப்பித் தராத துணி

மல்லுக்கு நிற்க ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் செல்ல அண்ணனுக்கு,

முதலில் நல்ல சேதி. நீ தாய்மாமன் ஆகிவிட்டாய். பெண் குழந்தை. நெற்றி அப்படியே உன்னுடையது, அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

வளைகாப்பு முடிந்து கோட்டையூர் வீட்டுக்கு நான் வந்த அன்றே உன் நாய் ராஜா என் மேல் தாவினான். ஜிம்மி வழக்கம்போல ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் தூங்கிப் போனாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வயித்துப்பிள்ளைக்காரி மேல விழுறான் பாரு. பிள்ளை வர்றதுக்குள்ள ரெண்டையும் கல்லல் தோட்டத்துக்கு அனுப்பிப்புடணும்" என்றாள்.

நீ போன நாளிலிருந்து ராஜா உன் கட்டிலுக்கு அடியில்தான் படுத்து வந்தான். அவனையும் அனுப்பிவிட்டால் இந்த வீட்டில் உன்னுடையது என்று என்ன மிஞ்சும்? நான் அழுத அழுகையில், பிரசவம் வரைக்கும் பார்க்கலாம் என்று அம்மா இறங்கி வந்தாள்.

காரைக்குடியில் நாய் டாக்டரிடம் யோசனை கேட்டேன். பிள்ளை அழும் சத்தத்தைச் செல்போனில் மெதுவாக வைத்துப் பிஸ்கட் கொடுக்கச் சொன்னார். முதல் நாள் ராஜாவும் கூடவே ஊளையிட்டான். ஒரு வாரத்தில், அழுகை கேட்டாலே பிஸ்கட் டப்பா முன்னால் போய் உட்காரத் தொடங்கிவிட்டான். துண்டில் சுற்றிய பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் தாவாமல் உட்காரும் வரை நான் முகங்கொடுக்க மாட்டேன். உன் அறையைத்தான் எனக்கும் பிள்ளைக்கும் ஒதுக்கியிருந்தார்கள். அதன் நிலைப்படியைத் தாண்டக் கூடாது என்று அவனைப் பழக்கியபோது எனக்கே மனசு தாங்கவில்லை, அண்ணே.

கடைசிப் பாடம், பிள்ளையைச் சுற்றிய துணியை முன்னதாகவே வீட்டுக்குக் கொண்டுபோய் மோப்பம் காட்டுவது. ஆஸ்பத்திரியிலிருந்து உன் மச்சான்தான் கொண்டுபோனார். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "ராஜா துணியக் கவ்விக்கிட்டு உள்ள ஓடிட்டான். கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு, கிட்ட போனாலே உறுமுறான்."

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினாள். "நாளைக்குப் பிள்ளையவும் கவ்வ மாட்டான்னு என்ன நிச்சயம்? காலையிலயே கல்லலுக்குக் கொண்டுபோயி விட்டுட்டு வாரீகளா, மாப்பிள்ளை?"

இத்தனை நாள் பழக்கியும் ஏன் இப்படிச் செய்தான்? திடீரென்று ஒன்று தோன்றியது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாதென்று அம்மா ஒரு பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருந்தாள். "அது யாரு வேட்டிம்மா?" என்று கேட்டேன்.

அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்க அண்ணன் வேட்டிதான். தாய்மாமன் வந்து தூக்கவா போறான், அவன் துணியாவது பிள்ளை மேல படட்டும்னு நெனச்சேன். நாலு தண்ணியில அலசித்தான் வச்சேன்."

நாலு தண்ணிக்கும் போகாமல் நீ அதில் இருந்தாயா, அண்ணே?

அம்மா மறுபடியும் போனை எடுத்தாள். "வண்டி வேணாம், மாப்பிள்ளை. அவன் அங்கயே படுத்துக் கெடக்கட்டும்."

மூன்றாம் நாள், அதே வேட்டியின் இன்னொரு துண்டில் சுற்றிப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ராஜாவை உன் மச்சான் சங்கிலியில் பிடித்திருந்தார். அவன் தாவவில்லை. துணியின் ஓரத்தை ரொம்ப நேரம் முகர்ந்தான். பிறகு யாரும் சொல்லாமலே நிலைப்படிக்கு வெளியே போய்ப் படுத்துக்கொண்டான். பிள்ளையோடு நாய்களைத் தனியாக விடுவதில்லை, அது டாக்டரின் கண்டிப்பு. பிள்ளை அழுதால் ராஜா முதலில் என்னைப் பார்க்கிறான், அடுத்து பிஸ்கட் டப்பாவைப் பார்க்கிறான். ஜிம்மி இன்னும் தூங்குகிறாள்.

இனி காதுகுத்து வரும். உன் மடி இல்லாமல் யார் மடியில் உட்கார வைப்பது என்று இன்னும் யாரும் பேச்செடுக்கவில்லை. யார் மடியானாலும் சரி, உன் வேட்டித் துண்டை விரித்து அதன் மேல்தான் உன் மருமகள் உட்காருவாள். இது என் வாக்கு. அன்றைக்கு ராஜா நிலைப்படியைத் தாண்டி வந்தால், அவனை நான் தடுக்க மாட்டேன்.

உன் மருமகளுக்கு அம்மாவாகிவிட்ட
உன் தங்கச்சி