சிவப்பு தெரிகிறதா?

பிப்ரவரி 9, திங்கள்

செய்முறைத் தேர்வு ஒருவழியாக முடிந்தது. முப்பத்தொரு பேர். நின்று நின்று கணுக்கால் வீங்கிவிட்டது.

வழக்கம்போலக் காலை ஏழு மணிக்கே வார்டுக்குப் போய், தேர்வுக்கு ஒதுக்கிய நோயாளிகளை நானே பரிசோதித்து விடைப்படிவத்தை நிரப்பி வைத்தேன். மாணவிகள் சொல்வதை அதோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட வேண்டும். எங்கள் நர்சிங் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாக இதுதான் முறை. படிவமும் நான் தயாரித்ததுதான். ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். மகள் அப்போது கைக்குழந்தை, மடியில் ஏறிப் பேனாவைப் பிடுங்குவாள். அந்த நாட்கள் எங்கே போயின?

ஒருத்தி மட்டும் தேறவில்லை. கேள்விக்காரி. வகுப்பில் ஒரு நாளைக்கு நாலு கேள்வியாவது கேட்காமல் இருக்க மாட்டாள், அதனால் அந்தப் பேரை நான்தான் வைத்தேன். அவளுக்கு வந்தது ஒன்பதாம் கட்டில்: இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் தையல்காரர். படுக்கைப்புண் தொடங்குகிற அறிகுறி இருக்கிறதா என்பது கேள்வி. இல்லை என்பது என் விடை. இவள் அவரைப் பக்கவாட்டில் திருப்பி, வால் எலும்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, இருக்கு என்றாள். சிவப்பு தெரிகிறதா என்று கேட்டேன். தெரியவில்லை, ஆனால் அந்த இடம் மட்டும் சூடாக, கெட்டியாக இருக்கிறது என்றாள். கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் சொல்லாதே என்று எரிந்து விழுந்தேன். பூஜ்யம் போட்டேன். அது கட்டாயக் கேள்வி. அதில் கோட்டை விட்டால் மொத்தத் தேர்வும் போச்சு, ஒரு வருஷம் மறுபடி உட்கார வேண்டும்.

போகட்டும். கொஞ்சம் அடங்கினால் அவளுக்கே நல்லது.

பிப்ரவரி 13, வெள்ளி

தையல்காரருக்குப் புண் உடைந்துவிட்டது. வார்டு சிஸ்டர் வந்து சொன்னாள். சரியாக அந்த இடத்தில்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவு. சுற்றிலும் புறங்கையை வைத்தேன் — சூடு. நல்ல கறுப்பு மனிதர். அந்தத் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? வெள்ளைத் தாளில் மை கொட்டினால் தெரியும், கறுப்புத் துணியில் கொட்டினால்?

"எரியுதுன்னு பத்து நாளா சொல்றேன்மா. எல்லாரும் பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னாங்க," என்றார். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த எல்லாரிலும் நான் ஒருத்தி. கையெழுத்தோடு.

பிப்ரவரி 14, சனி

மதிப்பெண் பட்டியலை இன்னும் மேலே அனுப்பவில்லை. பரணிலிருந்து என் மாணவிக் காலத்து நோட்டுகளை இறக்கினேன். வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, இந்த வயசில் யாருக்கு எழுதின காதல் கடிதத்தைத் தேடுறே என்று கேலி செய்தார். சிரிப்பு வரவில்லை.

நோட்டைத் திறந்ததும் அந்த வாசனை. விடுதி அறை, இரும்புக் கட்டில்கள், துவைத்த சீருடைகள் சொட்டுச் சொட்டாக வடிகிற ஜன்னல். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்! ஆளுக்கொரு பட்டப்பேர். எனக்குப் 'பாடப்புத்தகம்'. நான் வெளுப்பு. ஆசிரியை என்னைத்தான் முன்னால் கூப்பிடுவார். முன்கையில் தட்டுவார், சிவக்கும், எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். நகத்தை அழுத்துவார், வெளுக்கும். அச்சு அசலாகப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி இருக்கு என்பார். எனக்குத் தலைகால் புரியாது. என் அறைத்தோழியைக் கூப்பிடவே மாட்டார். நீ உட்காரு, உன்கிட்ட ஒண்ணும் தெரியாது என்பார். வகுப்பே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அவள் பட்டப்பேர் 'மைப்புட்டி'.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் என் கையெழுத்து, அழகான கையெழுத்து: "கறுத்த தோல் தடித்தது. அவர்களுக்கு வலி குறைவாகவே தெரியும்." கீழே இரண்டு கோடு. அதை எழுதும்போது என் முழங்கை அவள் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்திருக்கும். ஒரே பெஞ்ச்தானே.

பிப்ரவரி 16, திங்கள்

முதல்வரிடம் சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கருணை மதிப்பெண் போட்டுத் தேற்றிவிடலாம், படிவத்தைக் கிளற வேண்டாம் என்றார். "ரெண்டு வருஷத்துல ஓய்வு. எதுக்கு உங்க பேரை நீங்களே கெடுத்துக்கிறீங்க?"

நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், ரொம்ப நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 18, புதன்

கேள்விக்காரியைக் கூப்பிட்டுக் கருணை மதிப்பெண் பற்றிச் சொன்னேன். காலில் விழாத குறையாக நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். நினைப்புதான்.

"கருணை வேண்டாம் மிஸ். நான் சொன்னது சரியா தப்பா, அதை மட்டும் எழுதுங்க."

எங்கே கற்றாய் என்று கேட்டேன். அவள் அப்பா மூன்று வருஷம் படுக்கையில் இருந்தாராம். எங்க வீட்டுத் தோல்ல சிவப்பு தெரியாது, தொட்டுத்தான் கண்டுபிடிப்போம் என்றாள். அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமே இல்லை. கதவு வரை போனவள் திரும்பினாள்.

"நான் ஃபெயில், சரி. பாஸானவங்க முப்பது பேருக்கு யார் மிஸ் சொல்வாங்க?"

என்ன வாய் இந்தப் பெண்ணுக்கு! அவள் போன பிறகும் கோபம் அடங்கவில்லை. யார் மேல் கோபம்? அவள் மேலா? வெட்கமா இல்லையாடி உனக்கு? ஒரு வருஷம் போனாலும் பரவாயில்லைன்னு அந்தச் சின்னப் பொண்ணு நிக்குது. நீ என்னடான்னா பேரைப் பத்தி யோசிக்கிறே.

பிப்ரவரி 22, ஞாயிறு

மைப்புட்டிக்குப் போன் செய்தேன். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வருஷத்துக்கு இரண்டு முறை பேசுவோம், பேசினால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. விடுதிக் கதையெல்லாம் பேசிச் சிரித்தோம். வார்டனின் பூனையை அலமாரியில் ஒளித்து வைத்தது, ஒரே ஒரு நல்ல புடவையை நாலு பேர் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனது. பிறகு தையல்காரர் விஷயத்தைச் சொன்னேன். நாற்பத்திரண்டாம் பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன்.



தனக்கு அக்குளில் கட்டி வந்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்காதா? இரண்டாம் வருஷம். மரத்துப்போகிற ஊசி போடாமலே ஆசிரியை கீறிவிட்டார். இவளுக்குத் தாங்கும் என்றார். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு சத்தம் போடவில்லை. எவ்வளவு தைரியம் என்று விடுதி முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

"வலிச்சுதுடி," என்றாள். "உயிரே போச்சு. கத்தினா உங்களுக்கெல்லாம் கேலியாப் போயிடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

முப்பத்தெட்டு வருஷம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா நான்? வலிச்சுதான்னு?

அந்தப் பட்டப்பேர் பிடிக்குமா என்று இப்போது கேட்டேன். யாருக்குடி பிடிக்கும் என்றாள். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வாயில் வரவே நேரமாயிற்று. இருவரும் அழுதோம். அப்புறம் அவளே, போதும், மூக்கைத் துடை, வேலையைப் பாரு என்று திட்டிவிட்டு வைத்தாள்.

பிப்ரவரி 23, திங்கள்

எழுத்தில் கொடுத்துவிட்டேன்: மாணவி சொன்ன விடை சரி. தேர்வாளரின் விடையும் படிவமும் தவறு. கருணை மதிப்பெண் தேவையில்லை.

மார்ச் 6, வெள்ளி

தேர்வுக் குழு கூடியது. கேள்விக்காரிக்கு அந்தக் கேள்வியில் முழு மதிப்பெண், தேறிவிட்டாள். படிவத்தில் 'சிவப்பு தெரிகிறதா' என்பதோடு சூடு, கெட்டித்தன்மை, வலி மூன்றையும் சேர்க்கிறார்கள். நோயாளி வலிக்கிறது என்றால் தோலின் நிறம் எதுவானாலும் அப்படியே எழுத வேண்டும் என்று ஒரு வரி நான் கேட்டு வாங்கினேன். வெளுத்த தோல் படங்கள் மட்டும் தொங்குகிற சுவருக்கு வேறு படங்களும் வருமாம். பார்ப்போம்.

தேர்வாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. வலிக்கத்தான் செய்கிறது. வீட்டுக்காரர், "ஊரையே திருத்தினவளைத் திருத்த ஒருத்தி வந்துட்டா," என்று சொல்லிவிட்டு, கேட்காமலே காபி போட்டுக் கொண்டுவந்தார்.

மார்ச் 21, சனி

இருபத்திரண்டு வருஷத்துப் பதிவேடுகள். அறுநூற்று நாற்பது பெயர்கள். முகவரி கிடைத்தவர்கள் இருநூறுக்குச் சொச்சம். தினமும் பத்துக் கடிதமாவது கையால் எழுதுகிறேன். நான் தவறாகக் கற்றுக்கொடுத்தேன், தொட்டுப் பாருங்கள், சொன்னால் நம்புங்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஒவ்வொரு பெயரும் ஒரு முகம். இரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்து, பிறகு அறுவை அரங்கிலேயே வேலைக்குப் போனவள். ஊசி போடும்போது நோயாளி அழுவதற்கு முன் தானே அழுதுவிட்டவள். தேர்வன்று காய்ச்சலோடு வந்தவளுக்கு என் மேசையிலேயே கஞ்சி கொடுத்தேன். எல்லாரும் என் படிவத்தை மனப்பாடம் செய்து, பத்துக்குப் பத்து வாங்கி, சிரித்துக்கொண்டே போனவர்கள். அப்போது எவ்வளவு பெருமைப்பட்டேன்!

ஏப்ரல் 9, வியாழன்

மத்தியானம் ஒரு போன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் படித்த, வகுப்பிலேயே உயரமான நெட்டச்சி. இப்போது எங்கேயோ ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். குரலை உடனே கண்டுபிடித்துவிட்டேன்.

"உங்க லெட்டர் காலையில வந்துச்சு மிஸ். எங்ககிட்டப் படுத்த படுக்கையா பதினாறு பேர். எல்லாரையும் திருப்பித் தொட்டுப் பார்த்தோம். ரெண்டு பேருக்குச் சூடா இருந்துச்சு. இன்னும் உடையலை."

எந்தக் கட்டில் என்று கேட்டேன். கேட்டு நான் என்ன செய்யப் போகிறேன்? இருந்தாலும் எழுதிக்கொண்டேன். நாலு, பதினொன்று.